பாலத்தைத் தாண்டும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பாஸ்போர்ட்டில் கனடா விசா ஒட்டி வந்துவிட்டது, நிரந்தர வாசத்தை உறுதிசெய்கிற சி.ஓ.பி.ஆர். தாளும் கைக்கு வந்துவிட்டது, மாப்பிள்ளை மிசிசாகாவிலிருந்து நீ இருக்கிற நியூ ஜெர்சிக்குக் காரை எடுத்துக்கொண்டு வருகிறார், சாமான்களை ஏற்றிக்கொண்டு பஃபலோ வழியாக இருவரும் பாலம் தாண்டப் போகிறீர்கள் என்று உன் அப்பா சொன்னார். சொன்ன கையோடு, "எல்லாத்தையும் மாப்பிள்ளையே பாத்துப்பாரு, இவ பக்கத்துல நின்னா போதும்" என்றும் சொன்னார். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம்.

திருவண்ணாமலை சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே தலை நரைத்தவர் உன் பெரியப்பா. அங்கே நிலம் விற்கிற பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் சார்பதிவாளர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்: எழுதிக் கொடுக்கச் சம்மதமா, பணம் வந்து சேர்ந்ததா? பக்கத்தில் நிற்கிற மகன் முந்திக்கொண்டு பதில் சொன்னால், "நீங்க சும்மா இருங்க" என்று ஓர் அதட்டல் விழும். கனடா எல்லையில் நிரந்தர வாசியாகப் பதிவாகிற லேண்டிங்கும் இந்த வகைதான். ஸ்பான்சர் செய்தவர் கணவர். ஆனால் அதிகாரி கேட்பது மனைவியை; கையெழுத்துப் போடுகிறவர் மனைவி; அங்கே கிடைக்கிற நிரந்தர வாச உரிமை, அதாவது பி.ஆர்., மனைவியின் சொந்தப் பெயரில்.

இது இப்படி ஆவதற்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. 1908இல் கனடா அரசு ஒரு விதி போட்டது: சொந்த நாட்டிலிருந்து எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வருகிறவர்கள்தான் இறங்கலாம். அன்றைக்கு இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேர்க் கப்பலே கிடையாது. இந்தியர் என்ற சொல்லை எழுதாமலே இந்தியர்களைத் தடுத்த சாமர்த்தியம் அது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலை வான்கூவரில் திருப்பி அனுப்பியதற்கும் அந்த விதி ஒரு காரணம் என்று பள்ளியில் படித்திருப்பாய். அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது பாடப் புத்தகத்தில் இல்லை. 1912 ஜனவரியில் வான்கூவரில் ஏற்கெனவே குடியிருந்த பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இரண்டு சீக்கியர்கள் ஊருக்குப் போய் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஆண்கள் இருவரும் இறங்கலாம், மனைவிகளும் குழந்தைகளும் திரும்பிப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு அந்தப் பெண்களை உள்ளே விட்டார்கள். எப்படி விட்டார்கள் தெரியுமா? உரிமை என்று சொல்லி அல்ல. கருணையின் பேரில், மற்றவர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1918இல் லண்டனில் நடந்த பேரரசுப் போர் மாநாட்டில் இந்தியத் தரப்பு வற்புறுத்திய பிறகு, 1919இல்தான் கனடாவில் குடியிருந்த இந்தியர்கள் மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துவர வழி பிறந்தது.

லண்டன் கதை இன்னும் மோசம். 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், அங்கே குடியிருந்த ஒருவரை மணக்க வந்த இந்திய ஆசிரியை ஒருவரை, ஏற்கெனவே திருமணமானவரோ என்று சந்தேகப்பட்டு மருத்துவரை விட்டுக் கன்னித்தன்மை சோதனை செய்தார்கள். மணமாகப் போகிறவர்களுக்கு ஒரு சட்டம், மனைவிகளுக்கு ஒரு சட்டம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள அதிகாரிகள் கண்டுபிடித்த வழி அது. கார்டியன் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, இந்திய அரசு கண்டித்தது, சோதனை நின்றது. இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எல்லையில் ஒரு பெண் தன் பெயரில் தானே நின்று பதில் சொல்வது எத்தனை பேர் பட்ட அவமானத்துக்குப் பிறகு வந்தது என்று தெரிந்துகொண்டு போ.

இனி உன் விஷயம். விசா வந்த அன்றே பி.ஆர். கிடைத்துவிட்டது என்று உன் அம்மா தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டாள். கொடுக்கட்டும். ஆனால் விசா என்பது வாசல் வரை வரலாம் என்ற அனுமதிதான். 2002 ஜூன் 28இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவுச் சட்டப்படி, எல்லையில் அதிகாரி விசாரித்துத் திருப்தியடைந்து பதிவு செய்கிற நிமிடத்தில்தான் ஒருவர் நிரந்தர வாசி ஆகிறார். சி.ஓ.பி.ஆர். தாளில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனை செல்லுபடியாகும் 12 மாதத்தையோ பாஸ்போர்ட் முடிகிற நாளையோ ஒட்டி வரும். அதை நீட்டித் தர மாட்டார்கள். அலுவலகத்தில் இன்னும் ஒரு மாதம் இழுத்துவிட்டுப் போகலாம் என்று நீ கணக்குப் போடுவதாகக் கேள்வி. முதலில் அந்தத் தேதியைப் பார்.

எந்தப் பாலம் என்பது உங்கள் விருப்பம். பஃபலோவையும் ஃபோர்ட் ஈரியையும் இணைக்கிற பீஸ் பிரிட்ஜ் 1927இல் திறந்தது. நயாகரா அருவிக்கு எதிரே இருக்கிற ரெயின்போ பிரிட்ஜ் 1941இல் வந்தது. அதில் லாரி போகாது, கார் போகும். அருவியைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று மாப்பிள்ளைக்கு ஆசை போல. சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே நின்று குடிவரவுக் காகிதம் முடிப்பதைவிட ஃபோர்ட் ஈரி நல்லது என்பது பெரியப்பாவின் எண்ணம். அந்தப் பெயர் ஈழத்துத் தமிழர் பலருக்கு மனப்பாடம். போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்கள் பஃபலோவில் காத்திருந்து, அந்தப் பாலத்தின் மறு கரையில்தான் அகதிக் கோரிக்கை வைத்தார்கள். 2004 டிசம்பர் 29இல் இரு நாடுகளின் பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அந்த வழி குறுகியது; கனடாவில் நெருங்கிய உறவினர் உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு மிஞ்சியது. அவர்கள் கையில் விசா இல்லாமல் நின்ற இடத்துக்கு நீ எல்லாக் காகிதத்தோடும் போகிறாய்.

கனடாவுக்குள்ளேயே இருந்துகொண்டு, லேண்டிங்குக்காக மட்டும் எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கம் போய், உடனே திரும்பி வந்து கையெழுத்து வாங்குகிறவர்களும் இருந்தார்கள். கொடிக்கம்பத்தைச் சுற்றிவிட்டு வருவது போல என்பதால் அதற்கு 'ஃபிளாக்போலிங்' என்று பெயர். 2024 டிசம்பர் 23 இரவோடு வேலை, படிப்பு அனுமதிகளை இப்படி எல்லையில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு பி.ஆர். முடிக்க ஆன்லைன் வழி இருக்கிறது. உன் சிநேகிதி எல்லைக்கே போகாமல் கணினியில் முடித்தேன் என்று சொன்னது இதைத்தான். நீ வெளியிலிருந்து முதன்முறையாக உள்ளே போகிறவள். அவளுடைய கதையை உன்னுடையதோடு குழப்பிக்கொள்ளாதே.

பாலம் தாண்டியதும் முதல் கூண்டில் இருக்கிற அதிகாரியிடம், பி.ஆர். லேண்டிங் செய்ய வந்திருக்கிறேன் என்று நீயே சொல். வாகனத்தை ஓரமாக நிறுத்தி உள்ளே போகச் சொல்வார்கள். உள்ளே பாஸ்போர்ட், சி.ஓ.பி.ஆர். இரண்டையும் பார்த்துச் சில கேள்விகள் வரும். எங்கே தங்கப் போகிறாய், எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா, எந்த நாட்டிலாவது உள்ளே விட மறுத்தார்களா, வெளியேற்றினார்களா, திருமண நிலையில் மாற்றம் உண்டா, விண்ணப்பத்தில் சொல்லாத பிள்ளைகள் யாராவது உண்டா? சி.ஓ.பி.ஆர். தாளில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதே. அதிகாரி போடச் சொல்லும்போது, அவர் கண்முன்னால் போட வேண்டும். போடுவதற்கு முன் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'டி'யில் தொடங்கி அடுத்த எழுத்தாக 'ஐ' எழுதுவார், இன்னொருவர் நடுவில் 'எச்' சேர்ப்பார். உன் பிறப்புச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலுமே இரண்டு விதமாக இருக்கிறது. எல்லையில் பேச வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான். பிழை இருந்தால் கையெழுத்துக்கு முன் சொல்லிவிட்டால் அங்கேயே தீர வழி உண்டு. பிறகு சொன்னால் தபாலிலும் காத்திருப்பிலும் மாதங்கள் போகும்.

இந்தக் கேள்விகளில் குடும்பத்தைப் பற்றியதுதான் ரொம்பப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் லேண்டிங் ஆகிற சமயத்தில் தன் குடும்பத்தில் உள்ள ஒருவரைச் சொல்லாமல் விட்டு, அதனால் அந்த நபர் பரிசோதிக்கப்படாமல் போனால், பிற்பாடு அவரைக் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. டி குஸ்மான் என்ற பிலிப்பைன்ஸ் பெண்மணியின் வழக்கு இதில் பிரசித்தம். 1993இல் லேண்டிங் ஆனபோது தனக்கு ஒரு மகள் மட்டும் என்றார். தகப்பனிடம் வளர்ந்த இரண்டு மகன்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. வருடங்கள் கழித்து மகன்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார். 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. 2019 செப்டம்பரில் சிலருக்கு மட்டும் தளர்வு தருகிற ஒரு கொள்கை வந்தது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி போல வேலைத் திறன் வழியாக வந்தவர்களுக்கு அது பொருந்தாது.

நம் பக்கத்தில் இது வேறு ரூபத்தில் நடக்கிறது. பையன் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் திருமணமாகாதவன் என்று பி.ஆர். விண்ணப்பித்திருப்பான். தாள் வந்துவிடும். "போறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடலாம்" என்று பெரியவர்கள் அவசரப்பட்டு, கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்ட வைத்து, பத்தே நாளில் விமானம் ஏற்றிவிடுவார்கள். பையன் டொராண்டோவில் இறங்கி, தாளில் இருக்கிறபடி மணமாகாதவன் என்று தலையாட்டிவிடுவான். யாரையும் ஏமாற்றும் எண்ணம் கூட இருக்காது. தாளில் உள்ளதை மாற்றிச் சொன்னால் வம்பு என்று நினைத்திருப்பான். அந்தத் தலையாட்டலோடு இங்கே இருக்கிற பெண்ணுக்கு அந்தக் கதவு மூடிவிடும். அதன் மேல் தவறான தகவல் என்று ஏறினால் 5 வருடத் தடை வேறு. 2014 நவம்பருக்கு முன் அது 2 வருடமாக இருந்தது. உன் மாப்பிள்ளை லேண்டிங் ஆகி வருடங்கள் கழித்துத்தான் கல்யாணம் என்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் உன் சித்தப்பா மகனுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள், அவனுக்கும் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு நீ போன் செய்து இதைச் சொல். பெரியப்பா சொன்னால் கேட்க மாட்டான்.

அடுத்தது, உன் அப்பாவின் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தாலும் எழுதியாக வேண்டியது. மாப்பிள்ளை நல்ல பையன், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் "நான் ஸ்பான்சர் பண்ணினதாலதான் நீ இங்க இருக்கே, திருப்பி அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிற வீடுகள் உலகத்தில் உண்டு. அந்த மிரட்டலுக்குப் பயந்தே வாய் மூடி இருந்த பெண்களும் உண்டு. லேண்டிங் முடியும் வரை ஸ்பான்சர் தன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாம். முடிந்த பிறகு அவரால் மனைவியின் பி.ஆரைத் தொட முடியாது. நடுவில் ஒரு காலம் வேறாக இருந்தது. 2012 அக்டோபர் 25 முதல், புதிதாகத் திருமணமாகிப் பிள்ளை இல்லாமல் வருகிறவர்கள் ஸ்பான்சரோடு 2 வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர். போகும் என்று நிபந்தனை வைத்தார்கள். அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வைக்கிற சட்டம் என்று பெண்கள் அமைப்புகள் விடாமல் எதிர்த்தன. 2017 ஏப்ரலில் அதை நீக்கினார்கள்.

நீ இத்தனை காலம் இருக்கிற அமெரிக்காவில் அந்த வழக்கம் 1986 முதல் இருக்கிறது. கல்யாணமாகி 2 வருடம் ஆகாதவர்களுக்கு 2 வருட நிபந்தனைக் கிரீன் கார்டுதான். அது முடியும் முன் 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். நம் நாட்டையும் பார். ரமணாசிரமத்துப் பக்கம் வந்து, இங்கேயே தங்கி, நம்மவரைக் கல்யாணம் செய்துகொள்கிற வெளிநாட்டவர்களை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அவர்கள் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டைக்கு விண்ணப்பிக்கத் திருமணம் பதிவாகி 2 வருடம் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகும் விவாகரத்து ஆனால் அரசு அந்த அட்டையை ரத்து செய்யலாம். 2015 திருத்தத்துக்குப் பின் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் மனைவியாக வருகிறவருக்குக் கனடாவின் இன்றைய சட்டம்தான் நல்லது.

கணவர் எழுதிக் கொடுத்திருக்கிற பொறுப்புறுதி வேறு விஷயம். ஒன்டாரியோ போன்ற இடங்களில், நீ பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 வருடத்துக்கு உன் அடிப்படைத் தேவைகளுக்கு அவர் பொறுப்பு. நடுவில் பிரிந்தாலும் விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு விலகாது. நீ அரசின் உதவித்தொகை வாங்கினால் அதை அவர் திருப்பிக் கட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட தாளை அவர் ஒருமுறை படித்தாரா என்று கேட்டுப் பார். உன் பக்கமும் ஒரு கட்டுப்பாடு உண்டு: மனைவியாக ஸ்பான்சர் ஆகி வந்தவர், பி.ஆர். ஆகி 5 வருடத்துக்கு வேறொரு கணவரை ஸ்பான்சர் செய்ய முடியாது. 2012 மார்ச்சில் வந்த விதி.

நகைக்கு வருவோம். உன் அம்மாவின் கவலை முழுக்க அதில்தான். குடியேற வருகிறவர்கள் ஏற்கெனவே தங்களுடையதாக வைத்துப் புழங்கிய பொருள்களை வரியில்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு இரண்டு பட்டியல் வேண்டும்: கூடவே வருகிறவை ஒன்று, பின்னால் வரப்போகிறவை இன்னொன்று. காரில் இருக்கிற சாமான் முதலாவதில் வரும். இங்கே வங்கி லாக்கரில் கிடக்கிற ஆரம், ஒட்டியாணம், வங்கி, உன் பாட்டியின் அட்டிகை எல்லாம் இரண்டாவதில் இருக்க வேண்டும். எப்போது கொண்டுபோவாய் என்று தெரியாவிட்டாலும் லேண்டிங் அன்றே எழுதிக் கொடுத்துவிடு. அன்று எழுதாததை மூன்று வருடம் கழித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனால் வரி கேட்க அவர்களுக்கு இடமுண்டு. நகைக்குப் படமும் நகைக்கடைக்காரர் மதிப்பிட்டுத் தேதியோடு கையெழுத்திட்ட சீட்டும் இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். லாக்கரிலிருந்து எடுத்துப் படம் பிடித்து, தேரடித் தெருவில் மதிப்புப் போட்டு வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்புவது உன் அப்பாவின் வேலை. எடையைச் சவரனில் எழுதாமல் கிராமில் எழுதச் சொல். ரொக்கம் 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ இருந்தால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம். விபூதிப் பொட்டலத்தைக் கண்ணில் படுகிற மாதிரி, பெயர் எழுதிய உறையில் வை. வெள்ளைத் தூள் என்னவென்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்.

லேண்டிங் முடிந்ததும் சி.ஓ.பி.ஆர். தாளை லேமினேட் செய்துவிடாதே. படம் எடுத்து வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பு. பி.ஆர். அட்டை தபாலில் வர, கனடா முகவரியை 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட நேரும். விமானத்தில் கனடாவுக்குத் திரும்ப அந்த அட்டையைத்தான் காட்ட வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு வந்தே தீருவேன் என்று நீ உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாய். அட்டை கைக்கு வராமல் டிக்கெட் போடாதே. அட்டையில்லாமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டால் பயண ஆவணத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, அது வரும் வரை காத்திருக்க வேண்டும். 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும் என்ற கணக்கும் லேண்டிங் நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நீ இந்தியக் குடிமகள்தான், பாஸ்போர்ட் அதேதான், ஓட்டும் போகாது. இங்கே உள்ள உன் சேமிப்புக் கணக்கு இன்னும் சாதாரணக் கணக்காகவே ஓடுகிறது என்று உன் அப்பா சொல்கிறார். நீ அமெரிக்கா போனபோதே அதை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும்.

கடைசியாக, உன் அம்மா அப்பா அங்கே வருவது பற்றி. நீ பி.ஆர். ஆனபின், பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவுக்கு உன் பெயரிலேயே அவர்களுக்கு அழைப்புக் கடிதம் கொடுக்கலாம். வருமான வரம்பைக் காட்ட மாப்பிள்ளையின் சம்பளமும் சேரும். 2022 ஜூலைக்குப் பின் அந்த விசாவில் ஒரு முறை வந்தால் 5 வருடம் வரை தங்க விடுகிறார்கள். குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், அது மலிவாக இருக்காது. நிரந்தரமாக ஸ்பான்சர் செய்வது வேறு பெரிய விஷயம்: அதற்கு 20 வருடப் பொறுப்புறுதி. அந்தப் பேச்சை இப்போது எடுக்காதே. உன் அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடக்கிறது, உன் அம்மாவுக்கு எடுக்கவே இல்லை. இருவரின் ஆதாரிலும் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விண்ணப்பம் போட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்குகிற வேலையைப் பெரியப்பா இந்த வாரமே தொடங்குவார். நகைப் படங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் உன் அப்பாவை விட்டுவிட்டு நேராக உன் அம்மாவுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
பெரியப்பா,
திருவண்ணாமலை